நூறாவது கட்டம்

பத்தாயிரம் என்று எழுதி
எட்டாயிரத்து ஐந்நூறு எண்ணித் தந்தான் டில்லிபாபு.
பிடித்தம் போக என்பதை அவன் வாய் சொல்லவில்லை.
அட்டையில் நூறு கட்டம். நாளுக்கு நூறு.

கடலுக்குத் தடைக்காலம் அறுபத்தொரு நாள்.
தண்டலுக்கு அது கிடையாது.
காசிமேட்டில் நான் கத்தியே எடுக்காத நாளிலும்
ஆறு மணிக்கு அவன் வண்டி
எங்கள் சந்தில் திரும்பும்.
நாய்கூடக் குரைக்காது, பழகிவிட்டது.

அவனுக்குக் கட்டக் குழுவில் வாங்கினேன்.
குழுவுக்குக் கட்ட, போனில்.
ஏழே நாள் தவணை. எட்டாம் நாள்
என் படத்தைச் சம்பந்திக்கு அனுப்பிவிட்டார்கள்,
கீழே 'திருடி' என்று போட்டு.
"பேரே ஆப்பு தானேடி" என்று சிரித்தாள்
பக்கத்தில் வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்த மரியபுஷ்பம்.
நானும் சிரித்தேன்.
செதில் ஒன்று கண்ணில் தெறித்தது.

ஃபிரிட்ஜை விற்று போன்காரனை முடித்தேன்.
அது நின்ற இடத்தில் மட்டும்
சுவர் வெள்ளையாக இருக்கிறது.
கம்மல் இன்னும் மிண்ட் தெரு சேட்டிடம்.
குழுவுக்குப் பதினோரு வாரம் பாக்கி.

நேற்று நூறாவது கட்டத்தில் பேனா வைத்தவன்
கேட்காமலே புது அட்டையை எடுத்தான்.
"பதினஞ்சா போட்டுக்கவா யக்கா?"
ஸ்கூல் ஃபீஸ் ஞாபகம் வந்தது.
ஒழுகும் ஷீட் ஞாபகம் வந்தது.
வேணாம்பா என்றேன்.
என் குரல்தானா என்று
அவனுக்கு முன்னே எனக்கே சந்தேகம்.

இன்று ஆறு மணி.
கை தானாக ஒரு நூறை எடுத்து
நான்காக மடித்துவிட்டது.
வண்டிச் சத்தம் இல்லை.
மீன் வாசனையோடு அது
கைக்குள்ளேயே இருக்கிறது,
எங்கே வைப்பதென்று தெரியாமல்.