ஒரு மணி பன்னிரண்டாம் நிமிடம்

பிறந்தது டெக்சஸ் என்கிறது
படத்தோடு வந்த குறிப்பு.
தந்தை எண்ணெய்ப் பொறியாளர். தாத்தாவுக்குக் குதிரைப் பண்ணை.
பத்தொன்பது வயதில் நியூயார்க், நாடகப் பள்ளி, பட்டினி.
நடுவில்,
'சில காலம் கிழக்காசியாவில்'.
மூன்று சொற்கள்.
அந்த மூன்று சொற்களுக்குள்தான்
நாங்கள் குடியிருந்தோம்.

செம்பவாங். எழுபத்து நான்கு.
கப்பல் பட்டறையில் அப்பா இரும்பு ஒட்டுபவர்.
மேட்டில், கறுப்பு வெள்ளை வீட்டில்,
ரோடரிக்கின் அப்பா.
எங்கள் வாயில் அவன் வெறும் ரோடு.
'ரோடு வருது, ஓரமாப் போ' என்பான் தனசீலன்.
அர்த்தம் தெரியாமலே முதலில் சிரிப்பது
ரோடுதான்.

இப்போது வசன வரி எழுதுகிறேன்.
நிமிடத்துக்கு ஆறு வெள்ளி,
வரிக்கு முப்பத்தைந்து எழுத்து.
அவர் காதலுக்கு இரண்டு வரி,
கொலைகளுக்கு ஒன்றே போதும்.
அவர் என்றா எழுதினேன்?
விருது வாங்கியவர் அவர்.
முழங்காலில் சேறோடு நின்றவன்
இன்னும் அவன்.

பள்ளி இல்லாத நாளில்
வெந்நீர் ஊற்றுக்குப் போவோம்.
முட்டை அவன் வீட்டிலிருந்து, உப்பு எங்கள் வீட்டிலிருந்து,
பேச்சு எவர் வீட்டிலிருந்தும் அல்ல:
பாதி மலாய், மீதி கை.
ஊற்று வழிந்தோடும் சிமெண்டு வாய்க்காலில்
பத்து எண்ணும்வரை கால் வைத்திருந்தால்
சிவப்புச் சர்பத் ஊற்றிய ஐஸ் உருண்டை.
பந்தயம் கட்டியவன் தனசீலன்.
மூன்றில் காலை எடுத்தவனும் அவனே.
நான் வைக்கவே இல்லை.

ரோடு வைத்தான்.
எண்ணினோம். வேண்டுமென்றே மெதுவாக.
முகம் அசையவில்லை;
கால் வேறு எவனுடையதோ என்பதுபோல்
மரத்தில் ஒரு மைனாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
பத்து.
நாங்கள் கத்திக்கொண்டு ஓடத் திரும்பியபோது,
கேட்காது என்று நினைத்து,
எங்களிடம் பொறுக்கிய சொற்களில்
'ஐயோ... சுடுதுடா' என்றான்.

வலியை முகத்துக்குப் பின்னே ஒளிக்கும் கலை
நியூயார்க்கில் பயின்றது என்கிறார்கள்.
இருக்கட்டும்.

நேற்று புதுப் படம்.
பனிக்காடு. குண்டு துளைத்த கால்.
ஒரு மணி பன்னிரண்டாம் நிமிடம்
பாறையில் சாய்கிறார்.
ஆங்கிலப் பிரதியில்: தெளிவற்ற முனகல்.
ஹெட்போனைக் காதோடு அழுத்தி
ஏழு முறை கேட்டேன்.
கொட்டும் பனியில் உட்கார்ந்து
சுடுது என்கிறான்.

தமிழுக்குக் கீழே தமிழை எழுதிக்
கூலி கேட்பது எப்படி?
வெறுமையாக விட்டேன்.
காலையில் மேற்பார்வையாளர் செய்தி:
'ஒரு வரி விடுபட்டுள்ளது.'
'விடுபடவில்லை' என்று பதில் போட்டேன்.

பிறகு தனசீலனை அழைத்தேன்.
உட்லண்ட்ஸ் வீட்டில் பேரப்பிள்ளை அழும் சத்தம்.
'அந்த ஐஸ் உருண்டை,
வாங்கிக் கொடுத்தியா இல்லையா?'

எந்த ஐஸ் என்று அவன் கேட்கவில்லை.
பிள்ளை அழுது ஓயும்வரை பேசாமலிருந்து,
'சில்லறை இல்லைன்னு சொல்லிட்டேன்க்கா'
என்றான்.