ஏழு நாள்

பிப்ரவரியில், இரவு பதினொன்று நாற்பதுக்கு,
வால்பராய்சோவிலிருந்து ஒருவன் எழுதினான்:
"இந்த வரியை எழுதியவருக்கு மூளை என்று ஒன்று உண்டா?"
பெயர் இபார். சேர்ந்து மூன்று வாரம்.
நான்கு நிமிடத்தில் கதவைச் சாத்தினேன்.
ஏழு நாள். விதி எண் ஆறு.
பல் துலக்கிவிட்டு நன்றாகத் தூங்கினேன்.

ஜூனில் அதே கேள்வியை
ஏறக்குறைய அதே சொற்களில்
லியோன் நகரத்து ஒதிலிடம் கேட்டார் டோர்வினென்.
அவர் யாரென்று சொல்லியாக வேண்டும்:
கம்பெனிகள் கைகழுவிய நூற்றுப்பத்து வகை அச்சுப்பொறிகள்
இன்றைக்கும் காகிதம் துப்புவது அவர் எழுதிய நிரலால்.
என் வீட்டில் இருப்பதும் அதில் ஒன்று.
அவருக்கு நான் எழுதியது:
"நண்பர்களே, கொஞ்சம் மூச்சு விடுவோம்."
நண்பர்களே. பன்மை.
திட்டு வாங்கியவளையும் சேர்த்து
மூச்சு விடச் சொல்லியிருக்கிறேன்.

இபார் சண்டைக்கு வரவில்லை.
இரண்டு வாக்கியங்களையும்
ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தான்.
தேதி, நேரம், தண்டனை.
இரண்டாவதற்கு எதிரே ஒரு சிறு கோடு.
அவ்வளவுதான்.

"தலைப்புக்குத் தொடர்பில்லாதது" என்று
அதை அழித்தேன்.

ஊலுவில் அந்த மாதம் இருட்டு வராது.
கறுப்புத் திரையை எவ்வளவு இழுத்தாலும்
ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம் நிற்கும்.
அதைப் பார்த்தபடி படுத்திருந்தேன்.
அவர் உடைத்தது மண்குடம்,
இவன் உடைத்தது பொன்குடம்:
கணக்கு எழுதிய கையெழுத்து என்னுடையது.

இரண்டே முக்காலுக்கு எழுந்து கெட்டிலைப் போட்டேன்.
அழித்ததை மீட்டு அதே இடத்தில் வைத்தேன்.
மேலே ஒரு குறிப்பு:
ஐந்து மணி நேரம் இது இங்கே இல்லை,
எடுத்தவள் ஹெல்லெவி.
டோர்வினெனுக்கு ஏழு நாள்.
தண்ணீர் கொதித்து அடங்கியதைக் கவனிக்கவில்லை.

எட்டாம் நாள் அவர் வரவில்லை.
இருபதாம் நாளும்.
கிசுமுவில் ஒரு பள்ளியில் தேர்வுத்தாள் பாதியில் நிற்கிறதாம்,
உன் நியாயத்தை அச்சடித்துத் தா என்கிறார் தலைமையாசிரியர்.
அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

இபார் வந்தான்.
நன்றி, கோபம் ஒன்றும் இல்லை.
இடப்பக்க ஓரம் இரண்டு மில்லிமீட்டர் சரிகிறது,
பார்க்கவும், என்றான்.

அழித்த கைக்கு எத்தனை நாள் என்று
பதினொரு விதிகளிலும் தேடிவிட்டேன். இல்லை.
பன்னிரண்டாவதை எழுதத் தொடங்கி
முதல் சொல்லிலேயே நிற்கிறேன்,
"யாராயினும்" என்று போடுவதா,
"நான்" என்றா.