விரற்கடை

"உயரம் எதுக்கு?" என்றார் கியம் ஹோக்
விலை சொல்லுமுன்.
"சேத்துக்கா, சுமைக்கா, சும்மா ஷோவுக்கா?"

காக்கி புக்கிட் பட்டறையில் மின்விசிறி
கிரீஸ் வாசனையை அரைத்துக்கொண்டிருந்தது.
என் பிக்கப் வாசலில் பின்பக்கம் தாழ்ந்து
முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது.
நாலு வருஷமாய் அப்படித்தான்.
மண்மூட்டை, காகிதப்பூத் தொட்டி, புல்வெட்டி
எல்லாம் ஏறியபின்
லிம் சூ காங் தடத்தில் மழை விட்ட காலைகளில்
வயிறு தரையில் உரச முனகிப் போகும்.
இரவானால் அதன் ஹெட்லைட்
சாலையை விட்டுவிட்டு
மரத்து மைனாக்களை எழுப்பும்.

சுவரில் சிவப்பு ஷாக், நீல ஷாக்,
நாலு அங்குல கிட்.
பெட்டியின்மேல் பாலைவனத்தில்
தாவிக்கொண்டிருந்தது ஒரு வண்டி.
இந்தத் தீவில் தாவுவதற்கு
வேகத்தடைதான் இருக்கிறது.
ஆனாலும் என் கை
அந்தப் பெட்டிக்குத்தான் முதலில் போனது.
பதினோரு வருஷமாய் சிக்னலில்
சிமெண்ட் கலவை லோரிக்காரர்கள்
என் உச்சி வகிட்டைப் பார்க்கிறார்கள்.
ஒருநாளாவது கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டும்.

"நாலு போட்டா பேப்பர் பாஸாகாது"
என்று டேப்பை நீட்டினார்.
ஏணிச் சட்டத்தின் உச்சிவரை
இருநூற்று நாலு சென்டிமீட்டர்.
ஈசூனில் என் புளோக் கார்நிறுத்தத்தில் தொங்கும்
மஞ்சள் கறுப்புக் குழாய்
இருநூற்றுப் பத்து.
இரண்டு அங்குலம் ஏற்றலாம்.
மேலே ஒரு விரற்கடை மிஞ்சும்.
சரி, என்றேன். அவர் ஏற்கெனவே
சின்னப் பெட்டியை எடுத்து வைத்திருந்தார்.

மூட்டைகளை இறக்கினோம். ஜாக் ஏறியது.
யூ-போல்ட் நட்டு துருவோடு குடும்பம் நடத்தியிருந்தது.
எண்ணெய் விட்டு, கோப்பி குடித்து,
திரும்ப எண்ணெய் விட்டு,
குழாயைப் பிடியில் செருகி மூவரும் தொங்கினோம்.
ஒரு சத்தம். முதுகெலும்பு சொடுக்கெடுப்பதுபோல்.
பட்டைகள் ஒவ்வொன்றாய்க் கழன்றன.
மூன்றாவது
இரண்டு துண்டாக வந்தது.

கியம் ஹோக் முறிந்த வாயைத்
துணியால் துடைத்துப் பார்த்தார்.
உள்ளேயும் துரு.
"இது இன்னைக்கு உடைஞ்சது இல்ல.
ஒரு வருஷம். மேலேயும் இருக்கும்."

எனக்கு நாள் தெரியும்.
தெங்காவில் ஒரு நடைபாதைக்குக் கிரானைட் பலகை.
"ரெண்டு டிரிப், பாஸ்" என்றார் மொமினுல்.
ஒன்றே போதும் என்றேன் நான்.
விரைவுச்சாலை ஏறும்போது
எங்கோ 'டொக்' என்றது.
ரேடியோ சத்தத்தைக் கூட்டினேன்.

மொமினுல் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
வெளிச்சத்தை மட்டும்
என் முகத்திலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தார்.

புதுப் பட்டைகள், புது புஷ், நீளமான ஷாக்.
மாலைக்குள் வண்டி நான்கு காலில் நின்றது.
வீடு திரும்புகையில் ஒரு சிமெண்ட் லோரி
பக்கத்தில் வந்தது.
ஓட்டுநரின் முழங்கை தெரிந்தது. போதும்.

ஈசூனில் மொமினுல் இறங்கி
பின்னோக்கி நடந்தபடி கையாட்டினார்.
வாங்க. வாங்க. மெதுவா.
ணங்!
மஞ்சள் கறுப்புக் குழாய்
சங்கிலியில் ஊஞ்சலாடியது.

அப்போதுதான் உறைத்தது:
நான் அளந்தபோது
வண்டியில் பன்னிரண்டு மூட்டை மண் இருந்தது.

கியம் ஹோக் தொலைபேசியில் சிரித்து முடிக்க
நேரம் பிடித்தது.
"ஸ்பிரிங் புதுசு. ஒரு மாசத்துல இறங்கும்."

அதுவரை தினமும் ராத்திரி
வேலை முடிந்து காலியான வண்டியில்
எட்டு மூட்டை மண் ஏற்றுகிறோம்.
குழாயைக் கடக்க,
இறக்கிவைக்க மறந்துபோய், தூங்க.
நேற்று ஏழு போதுமா என்றேன்.
மொமினுல் மேலே பார்த்தார், விரலை வைத்து அளந்தார்.
"எட்டு, பாஸ்."
எட்டே ஏற்றினேன்.