நான்கு தாள்களும் ஒரு மானும்

மூலம் என்று பலகையில் எழுதியதும்
பின்வாங்கு சிரித்தது.
துவாரகன் முகத்தைக் கொப்பிக்குள் புதைத்துக்கொண்டான்.
சரி, ஆதாரம் என்று மாற்றினேன்.
நாற்பது நிமிடப் பாடத்தில்
ஆறு நிமிடம் அதற்கே போயிற்று.

நகரசபை அறிவித்தல் ஒன்று,
பத்திரிகைத் துண்டு ஒன்று,
மிருக வைத்தியரின் அறிக்கையில் இரண்டு பக்கம்,
மரக்கறிக் கடை செய்யது நானா சொல்லச் சொல்ல
நானே எழுதியெடுத்த அரைத் தாள்.
தலைப்பு: ஊருக்குள் திரியும் மான்களை என்ன செய்யலாம்?

அந்த நேரம் பார்த்து
மதிலோரம் ஒன்று வந்து நின்று
யாரோ எறிந்த லஞ்ச் ஷீற்றை மென்றது.
அதைப் பார்த்து எழுதவேண்டாம் என்றேன்,
தாளைப் பார்த்து எழுதுங்கோ.

முப்பத்தொரு கட்டுரைகள்.
முதலாம் ஆதாரம் இவ்வாறு கூறுகிறது.
இரண்டாம் ஆதாரம் இவ்வாறு கூறுகிறது.
மூன்றாம், நான்காம்.
பெரியாஸ்பத்திரியில் துண்டெடுத்துவிட்டு
வரிசையில் நிற்கிறவர்கள் மாதிரி
ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி.
யாரும் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை.
கடைசிப் பந்தியில் மட்டும் எல்லோருமாக
'எனவே மான்களைப் பாதுகாப்போம்' என்று
கைகூப்பிவிட்டு இறங்கிப் போனார்கள்.

மறுநாள் வாங்குகளை வட்டமாக இழுக்கச் சொன்னேன்.
நீ நகரசபை. நீ பத்திரிகை.
அனோஜிகா, நீ வைத்தியர்.
இஸ்மத், நீ செய்யது நானா.
இனிக் கதையுங்கோ.

கிண்ணியாப் பாலம் கடந்து வருகிறவன் இஸ்மத்,
சாரத்தை மடித்துக் கட்டுவதுபோல் காற்சட்டையை இழுத்துவிட்டு எழும்பினான்.
என்ட கோவாவைத் தின்னுற மானுக்கு
உங்கட சபை வரி போடுமா?
சபைக்கு வாயில்லை. அறிவித்தலை மறுபடி வாசித்தது.
வைத்தியர் குறுக்கிட்டாள்:
வெட்டிப் பார்த்த வயிற்றில் கோவா இல்லை,
பொலித்தீன் பைதான் இருந்தது.
இஸ்மத் கொஞ்சம் நின்றான்.
நானாவின் குரலை விட்டுவிட்டுத் தன் குரலில் கேட்டான்:
அப்ப அந்தப் பை
என்ட கடையில இருந்துதான் போச்சுதா?

அந்தக் கேள்வி எந்தத் தாளிலும் இல்லை.
இரண்டு தாள்களுக்கு நடுவில் கிடந்தது.

நான் சந்தோஷத்தில் அவசரப்பட்டேன்.
பாருங்கோ, மான்களின் தொகையைச்
சபையும் சொல்கிறது, பத்திரிகையும் சொல்கிறது,
இரண்டு சாட்சி என்றால் பலம்.
இல்லை ரீச்சர் என்றாள் அனோஜிகா.
ரெண்டிலயும் 'புள்ளிமன்' என்றுதான் கிடக்கு,
ரெண்டிலயும் அரவு இல்லை.
பார்த்து எழுதியிருக்கினம்.
ஒரு வாய்தான் ரெண்டு தரம் பேசுது.

மூன்று வருடமாக இதே தாள்களைப்
போட்டோகொப்பி எடுத்துக் கொடுக்கிறேன்.

திருத்தி எழுதிய அவள் கட்டுரையில்
ஐந்தாவதாக ஒன்று:
அப்பாவின் ஓட்டோ.
முன்கண்ணாடி இல்லை.
உட்துறைமுக வீதி, இரவு பத்தேகால்.
மான் எழும்பி ஓடிவிட்டது,
அப்பா எழும்பக் கொஞ்சம் நேரமெடுத்தது.
மானைப் பற்றி அவர் இதுவரை
ஒரு குறையும் சொன்னதில்லை.
லைற் இல்லை என்றுதான் சொன்னார்.

தரப்பட்ட ஆதாரங்களை மட்டும் பயன்படுத்துக.
தடித்த எழுத்தில் அச்சடித்தவள் நான்தான்.
சிவப்புப் பேனா ஓரத்தில்
'இது ஏற்கத்தக்கதா?' என்று எழுதியது.
வெட்டினேன்.
'மற்ற நாலு பேருக்கு நடுவில்
இவரை எங்கே இருத்துவாய்?' என்று எழுதினேன்.
புள்ளி போடவில்லை.
அந்தக் கட்டம் இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கிறது.

அன்றிரவு ஸ்கூட்டியை அந்த வீதியால் விட்டேன்.
கடற்காற்று, உப்பு,
மின்கம்பத்தடியில் படுத்து அசைபோடும் ஏழெட்டு நிழல்கள்.
பதினொரு கம்பங்கள் எண்ணினேன்.
நாலுதான் எரிந்தன.

எண்ணினது நான் ஒருத்திதான்.
நாளைக்கு இன்னொருவர்
என் தாளைப் பார்க்காமல்
எண்ணவேண்டும்.