காமன் பூல்

சட்டத்தை நித்திரவிளையில் பிரிண்ட் எடுத்தேன்,
பக்கத்துக்கு மூன்று ரூபாய்.
கேஸா அக்கா என்றான் கடைப் பையன்.
பிள்ளைக்க படிப்பு என்றேன்.
ஸ்டேப்ளரை இரண்டு முறை அடித்தான்,
ஒன்று தாங்காது என்று தோன்றியதுபோல.

ஆறு முதல் பதினாலு வரை என்றிருக்கிறது.
பிரின்ஷாவுக்கு ஒன்பது.
அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது
பெற்றோர் ஒவ்வொருவரின் கடமை,
பத்தாம் பிரிவு.
சேர்க்காவிட்டால்?
சந்தையில் செவிளைத் தூக்கிப் பார்ப்பதுபோல
ஒவ்வொரு உட்பிரிவையும் தூக்கிப் பார்த்தேன்.
பெற்றோருக்குத் தண்டனை இல்லை.
வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடு
என்று அனுமதியும் இல்லை.
சட்டம் என்னைப் பார்த்துக்கொண்டு
வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தது,
பெண் பார்க்க வந்த பெரியப்பாவைப்போல.

ஏன் நிறுத்துகிறாய் என்பவர்களுக்கு
ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறேன்.
நாத்தனாருக்கு, வயிற்றுவலி.
பங்குச்சாமியாருக்கு, யோசிச்சிட்டு இருக்கோம் சாமி.
உண்மையானது எனக்கும் அவளுக்கும் தெரியும்.
இங்கேயும் எழுதமாட்டேன்.

டெல்பின் கொச்சியில் ஏறி இருபத்தெட்டு நாள்.
சாட்டிலைட் போனில் ஒரு நிமிடம் கிடைத்தது.
போலீஸ் வருமா?
இல்ல, டீச்சர்தான் வருவாங்க.
டீச்சரா என்றான்.
இந்த முறைதான் குரல் நடுங்கியது.

ததேயுஸ் சார் கணினியை என் பக்கம் திருப்பினார்.
டிசி எந்தப் பள்ளிக்கு?
வீட்டுக்கு.
இதுல வீடுன்னு ஒண்ணு இல்லையே அம்மா.
அப்போ பிள்ளை எங்க போவா சார்?
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
காமன் பூல்ல கெடப்பா,
வேற பள்ளிக்கூடம் எடுக்கது வரைக்கும்.

பிரின்ஷா காதில் விழுந்துவிட்டது.
ஏவிஎம் கால்வாய்ப் பாலத்தில் நின்றுகொண்டாள்.
அந்தக் குளம் எங்கம்மா கெடக்கு?
குளம் இல்ல மக்கா, பேரு கெடக்கப்பட்ட எடம்.
எதுக்குக் குளம், இங்கதான் கடல் கெடக்கே.
பிறகு, வீடு வரும்போது,
வேற யாரெல்லாம்மா அதுக்குள்ள?

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.
செங்கல் சூளைக்குக் கூட்டிப் போகப்பட்டவர்கள்.
வாடகை கொடுக்க முடியாமல்
இரவோடு இரவாக ஊர் மாறியவர்கள்.
தம்பியைப் பார்க்க ஆளில்லாமல் நின்றுபோன அக்காமார்.
இவர்களைத் தேடி எடுக்கத்தானே அந்தத் தாள்.
என்னைத் தேடி அல்ல.
ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு
என் கதவும் அவர்கள் கதவும்
ஒன்றுபோலத்தான் சாத்தியிருக்கும்.

மே மாதம் முஞ்சிறையிலிருந்து
விமலகுமாரி டீச்சர் வந்தார்,
ஒரு கையில் குடை, ஒரு கையில் கணக்கெடுப்புப் படிவம்.
குடிபெயர்வு. வேலை. உடல்நிலை. ஆர்வமின்மை.
எதிலும் டிக் போட இடமில்லை.
நான் கண்டுபிடித்ததைச் சொன்னேன்:
தேசியத் திறந்தநிலைப் பள்ளி உண்டு,
பன்னிரண்டரை ஆனால் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு,
பிறகு பத்து.
கொஞ்சம் மெதுவா சொல்லுங்க என்று
படிவத்தில் எழுதாமல்
சொந்த டைரியில் எழுதிக்கொண்டார்.
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

பிரின்ஷாவின் நோட்டுகளைப் புரட்டினார்.
பின்னம் ஒன்றில் தப்பு கண்டுபிடித்தார்.
தப்பு என்னுடையது.

மற்றவை என்ற கட்டத்தில் டிக் விழுந்தது.
பக்கத்தில் விளக்கம், விரல் நீளத்துக்கு ஒரு கோடு.
காலியா விட்டா கம்ப்யூட்டர் வாங்காது என்று
பென்சிலை என்னிடம் தந்தார்.
வீட்டில் இருக்கிறாள், என்று எழுதினேன்.
வாங்கிப் படித்துப் பார்த்தார்.
இருக்கிறாளை அழித்தார்.
படிக்கிறாள்.
ஊதிவிட்டு, அடுத்த வருஷமும் வருவேன் கேட்டியளா என்றார்.
வாங்க டீச்சர்.

தென்னைகளுக்கு அப்புறம் குடை மறைந்த பிறகு
உள்ளேயிருந்து சத்தம்:
அம்மா, அவங்க பென்சில் இங்க கெடக்கு.