வரவு, நான்காம் வரி

ஜூன் முப்பது. ஒஹாயோவில் வெயில் இறங்க
ஒன்பது மணி ஆகும்.
அதற்குள் மூடிவிடலாம் என்று உட்கார்ந்தேன்
விளையாட்டுத் துறையின் ஆண்டுக் கணக்கை.

முதல் வரி, நுழைவுச் சீட்டு.
மழை பிடித்த சனிக்கிழமைகளில்
பார்க்க வந்தவர்களைவிட
பேண்டு வாசித்தவர்கள் அதிகம்.

இரண்டாம் வரி கொஞ்சம் சதைப்பிடிப்பானது:
செப்டம்பரில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் மைதானத்துக்குப் போய்
ஐம்பத்தாறுக்கு மூன்று என்று
உதை வாங்கி வந்ததற்குக் கூலி,
பதினான்கு லட்சம் டாலர்.
ஒரு பையனுக்கு முழங்கால் போனது.
அது இந்தப் பக்கத்தில் வராது.

மூன்றாவது, தொலைக்காட்சி:
செவ்வாய்க்கிழமை இரவு, பனியில்,
வேறு யாரும் ஆடாத நேரத்தில்
ஆடச் சம்மதித்ததற்கு.

நான்காம் வரி, மாணவர் கட்டணம்.
தலைக்கு எண்ணூற்று நாற்பது.
அதைக் கையால் மறைத்துப் பார்த்தேன்:
நட்டம், ஒரு கோடியே அறுபது லட்சம்.
கையை எடுத்தேன்:
லாபம், பதினோராயிரம்.

ஹாஸ்டெட்லர் எட்டிப் பார்த்தார்.
"தேறிவிட்டோமா?"
"கை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது" என்றேன்.
சிரித்தார். நான் தமிழில் யோசித்து
ஆங்கிலத்தில் சொன்னால் அவர் எப்போதும் சிரிப்பார்.

செலவுப் பக்கத்தில்
துரத்திவிட்ட கோச்சுக்கு இன்னும் இரண்டு வருடச் சம்பளம்,
வராமல் இருப்பதற்கு.
அதை ஈடுகட்ட நீச்சல் அணியைக் கலைத்தார்கள்.
பதினெட்டுப் பையன்களும் வேறு ஊருக்குப் போனார்கள்,
படிப்புக்குக் கட்டிவந்த பணத்தோடு.
அந்தப் பணம் வேறு துறையின் புத்தகம்;
என் கணக்கில் குறையாது,
மிச்சம் என்றே நிற்கும்.
சொத்துப் பட்டியல் எடுக்கப் போனேன், தண்ணீர் வடித்த குளத்துக்கு.
ஏணி நான்கு, நிறுத்தக் கடிகாரம் ஒன்பது.
வாய்விட்டு எண்ணியதில்
ஒவ்வொன்றும் இரண்டு தடவை கேட்டது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
நான் அளக்கிறவள்.
போடச் சொன்னது யார் என்று எழுத
இந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் பெட்ரோல் போட நின்றேன்.
கல்லாவில் டிலேனி. நர்சிங் இரண்டாம் ஆண்டு,
சனி ஞாயிறு இரட்டை ஷிஃப்ட்.
மேட்ச் ஏதாவது பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன்.
"இல்லையே. நாம ஜெயிச்சோமா?" என்றாள்.

ஐந்து டாலரில் காபி போக
மீதி இரண்டு டாலர் முப்பத்தேழு காசு.
எண்ணினாள்.
சந்தேகம் வந்து மறுபடி எண்ணி
என் கையில் வைத்தாள்.