ஒட்டுகிற மண்

பிரேமன் நகரில் ஒரு கோபுரம்,
விழுவதற்கென்றே கட்டியது.
உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வெளியேற்ற
இரண்டு மணி நேரம்.
விழுவதற்கு ஒன்பது விநாடி.
அந்த ஒன்பதுக்குள்
எடை எங்களை மறந்துவிடும்.

கூண்டுக்குள் நான் வைத்தது
ஒரு கரண்டி கண்ணாடி மணிகள்,
கடுகைவிடச் சிறியவை.
இளம் நட்சத்திரத்தைச் சுற்றும் தூசித் தட்டில்
நாளைய மலைகள் இவைதான் என்று
நம்பிக்கொள்ள வேண்டும்.

தூசியாக இருக்கும்வரை சிக்கலில்லை.
தொட்டால் போதும்,
கட்டிலுக்கடியில் திரளும் அழுக்குப் பஞ்சுபோல்
ஒன்றையொன்று விடாது.
கடுகளவு ஆனதும்
எங்கிருந்தோ வந்துவிடுகிறது ரோஷம்.
முட்டும், விலகும்,
முட்டும், விலகும்.
கணக்குப்படி உலகம் இங்கேயே நின்றுபோயிருக்க வேண்டும்.
ஆனால் காலுக்குக் கீழே தரை இருக்கிறது.
தரைமேல் மழை இருக்கிறது,
குறுக்காகவே பெய்யும் பிரேமன் மழை.

பதினேழு முறை விழவைத்தோம்.
பதினேழு படங்களிலும்
பந்தி முடிந்த கூட்டம்போல்
ஆளுக்கொரு திசை.
வீப்கெ பலகையில் இன்னொரு பூஜ்யம் போட்டாள்.
நான் முணுமுணுத்ததற்கு அர்த்தம் கேட்டாள்.
எண்ணெய் பூசிக்கொண்டு புரண்டாலும்
ஒட்டுகிற மண்தான் ஒட்டும், என்றேன்.
"என்ன எண்ணெய்?" என்றாள்.
கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

அடியில் தெர்மாகோல் மணிகள் நிறைந்த பெருந்தொட்டி.
விழும் கூண்டைத் தாங்குவது அதுதான்.
இடுப்பளவு வெள்ளைக்குள் இறங்கித் தோண்டிவிட்டு
ஆறாம் எண் டிராமில் உட்கார்ந்தேன்.
கோட்டுக் கையில் ஒற்றை மணி.
ஊதினேன், அசையவில்லை.
தட்டினேன், விரலுக்கு வந்தது.
விரலை உதறினேன், கையுறைக்குத் தாவியது.
என் நிறுத்தம் போனது.
அதற்கடுத்ததும் போனது.

பதினொரு மணிக்கு வீப்கெயை எழுப்பினேன்.
குலுக்கணும்.
விழவிடும் முன்னால் நல்லாக் குலுக்கணும்.

பத்து நிமிடம் குலுக்கினோம்.
எல்லாம் ஒரே கண்ணாடி, ஒரே உலையில் உருகியவை.
ஆனாலும் உரசலில்
சில கொடுத்திருந்தன, சில வாங்கியிருந்தன.

மூன்றாம் விநாடியில் ஒரு கொத்து.
ஐந்தில் அது இன்னொன்றை இழுத்தது.
வேகமாக வந்து மோதிய மணி ஒன்று
துள்ளி ஓடி,
தயங்கி,
திரும்பி வந்தது.
அந்தத் தயக்கத்தை மட்டும்
நாற்பது தடவை ஓட்டிப் பார்த்திருப்பேன்.

ஒன்பதில் எடைக்கு நினைவு வந்தது.
உருண்டை பொலபொலவென்று உதிர்ந்தது.
நான் பார்த்த ஒரே கோள்.
பெயர்கூட வைக்கவில்லை.

குறிப்பேட்டில், காரணம் என்ற கட்டத்தில்
வீப்கெ 'எண்ணெய்' என்று ஜெர்மனில் எழுதி,
அடித்துவிட்டு
'மின்னூட்டம்' என்று திருத்தினாள்.

மறுபடி காற்றை உறிஞ்சத் தொடங்கிவிட்டார்கள்.
இன்னும் இரண்டு மணி நேரம்.
காப்பி குடிக்கப் புறப்பட்டோம்.
கோட்டைத் தட்டாமல்
அப்படியே மாட்டிக்கொண்டேன்.